போடாத ஓட்டு

2019 பாராளுமன்றத் தேர்தல் அன்று (ஏப்ரல் 18) எங்கள் வீட்டில் விருந்தாளிகள். சமைத்துப் போட்டு நிமிர்ந்தால் மணி ஆறு தாண்டிவிட்டது. "உன் ஒரு ஓட்டுலதான் எல்லாம் மாறப் போகுதாக்கும்!" என்றார் என்னவர். அவர் மட்டும் காலையிலேயே போட்டுவிட்டார்!

மே 23-ல் ஓட்டு எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 38 தொகுதி ரிசல்ட்டில் தி.மு.க. கூட்டணிக்கு 37, அ.தி.மு.க.வுக்குத் தேனி மட்டும். பல இடங்களில் லட்சக்கணக்கில் வித்தியாசம். எங்கள் சிதம்பரத்தில் மட்டும் இழுபறி. பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் கடைசியில் ஜெயித்தது வெறும் 3,219 ஓட்டில்! யார் ஜெயித்தார் என்பதைவிட, என்னைப்போல அடுப்படியில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

2024 ஏப்ரல் 19 அன்று அடுப்பே பற்றவைக்காமல் ஏழு மணிக்கே வரிசையில் நின்றேன். திரும்பி வந்தால், காபி போட்டு வைத்திருந்தார். சர்க்கரைதான் இல்லை!

- ஒரு வாசகி, சிதம்பரம்.