தாடி ஓணானும் வேலி ஓணானும்

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வானேன் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. வேண்டாத தொல்லையைத் தானே வருவித்துக்கொள்பவனைப் பார்த்துச் சொல்வது அது. ஆனால் ஓணானை வீட்டிற்குள் வைத்து, அதற்குப் பெட்டி அமைத்து, விளக்கிட்டு, கீரை நறுக்கிக் கொடுத்துப் பத்து ஆண்டுகள் வரை வளர்ப்போரும் இவ்வுலகில் இருக்கின்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவ்வாறு வளர்க்கப்படுவது தாடி ஓணான் என்னும் இனம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் உள்ள மாணவன் ஒருவன் அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “சார், இதை நாமும் வளர்க்கலாமா? என்ன தீனி போட வேண்டும்? முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமா?” என்று என்னைக் கேட்டான். மாணவ மாணவியரே, அவன் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை கூறுவதே இவ்வுரை. அவற்றுள் முதற் கேள்விக்கு உரிய விடையைக் கடைசியில்தான் கூற முடியும். ஓர் உயிர்க்கு என்னென்ன வேண்டும் என்பதை அறியாமல் அதனை வளர்க்கலாமா என்று முடிவு செய்வது எங்ஙனம்?

தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் நடுவிலும் பரந்து கிடக்கும் வறண்ட உள்நாடு. அங்கே வேலிக் கம்பங்களின் மீதும் பட்ட மரக்கிளைகளின் மீதும் அது ஏறி அமர்ந்து வெயில் காயும். தலை முதல் வால் நுனி வரை அளந்தால் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை இருக்கும். தொண்டையின் கீழே முட்கள் போன்ற செதில்கள் உண்டு. சினமோ அச்சமோ தோன்றினால் அப்பகுதி உப்பிக் கருத்து, தாடி வளர்ந்தாற்போல் காட்சியளிக்கும். அறிவியலார் இதனைப் போகோனா விட்டிசெப்ஸ் என்பர். போகோன் என்பது தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் வேலி ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. எனவே, கடல் கடந்த உறவினனைப் பற்றியே பேசுகிறோம் என்று கொள்ளுங்கள்.

இவ்வுயிரை வளர்ப்பதில் முதன்மையானது தீனி அன்று; சூடு. நாம் உண்ணும் உணவில் பெரும்பங்கு நம் உடலை ஒரே வெம்மையில் வைத்திருப்பதற்கே செலவாகிறது. ஓணானுக்கு அச்செலவு இல்லை. அது தனக்கு வேண்டிய வெம்மையைக் கதிரவனிடமிருந்தும் சுட்ட கல்லிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது. ஆகையால் அதன் உணவு குறைவு. ஆனால் வெயில் இல்லையேல் உண்ட உணவும் செரியாது. குளிர்ந்த பெட்டியில் வயிறு நிறைய இரை தின்ற ஓணான், அந்த இரையாலேயே நோயுறும். இதனால், வளர்ப்பவர் பெட்டிக்குள் ஒரு சிறு கதிரவனையே படைக்க வேண்டியவராகிறார். வளர்ந்த ஓணான் ஒன்றுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள பெட்டி தேவை. அதன் ஒரு முனையில் விளக்கின் கீழ் 38 முதல் 42 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் இருக்க வேண்டும். மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருத்தல் வேண்டும்.

இரு முனைகள் எதற்கு என்று கேட்கலாம். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை அறிந்திருப்பது ஓணானேயன்றி நாம் அல்லோம். காலையில் அது தன் முதுகைக் கருமையாக்கிக்கொண்டு விளக்கின் கீழ் கிடக்கும். கருநிறம் வெப்பத்தை விரைவில் வாங்கும் என்பதை நீங்கள் இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். உடல் சூடேறியதும் நிறம் வெளிறும். இன்னும் மிகுந்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்பத்தை வெளியேற்றும். பின் நிழலுக்கு நகரும். நகர்வதற்கு நிழல் இல்லாத பெட்டியில் அது வெந்து மடியும். கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோய் வெயிலில் வைத்துவிட்டு, இயற்கை வெயில் நல்லதுதானே என்று நினைப்பவர் உண்டு. சித்திரை வெயிலில் கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது மற்றொன்றும் உண்டு. கதிரவன் ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ‘பி’ வகைக் கதிர் தோலின்மீது படும்போதுதான் உடலில் ‘டி’ உயிர்ச்சத்து உண்டாகிறது. அவ்வுயிர்ச்சத்து இன்றேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்திற்குப் போய்ச் சேராது. சாதாரணச் சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடுமேயன்றி இந்தக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். ஒளி நிறைந்த அறையில், சன்னலோரத்தில், அன்போடு வளர்க்கப்பட்ட ஓணான்கள் எலும்பு மென்மையாகி, தாடை வளைந்து, கால் நடுங்கிச் செத்திருக்கின்றன. அதற்கென்றே செய்யப்பட்ட புறஊதா விளக்கை நாள்தோறும் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் எரிய விட வேண்டும். அவ்விளக்கு ஓராண்டு ஆனதும் எரிந்துகொண்டிருக்கும்போதே பயனற்றதாகிவிடும். ஒளி இருக்கும், கதிர் குன்றியிருக்கும். அதனைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. நாள் பார்த்து மாற்றுவதே வழி.

இனித் தீனி. குஞ்சுகள் பெரும்பாலும் பூச்சி தின்னும். வளர்ந்தவை பெரும்பாலும் இலை தின்னும். இவ்வொன்றை அறியாமல் வளர்ந்த ஓணானுக்கு நாள்தோறும் புழுக்களைக் கொடுத்துக் கொழுக்க வைப்போர் பலர். குஞ்சுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை சிறு சில்வண்டுகளைக் கொடுப்பர். ஓணானின் இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுத்தல் ஆகாது என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் எளிய அளவுகோல். சில்வண்டின் உடலில் பாஸ்பரம் மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓணானுக்கு வேண்டுவதோ பாஸ்பரம் ஒரு பங்கென்றால் சுண்ணாம்பு இரு பங்கு. அதனால், பூச்சிகளுக்கு முதல் நாளே நல்ல கீரையைத் தின்னக் கொடுத்து, பின்னர் அவற்றின்மீது சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவி இரையாக்குவர். பூச்சியின் வயிற்றில் இருப்பதே ஓணானின் வயிற்றிற்குப் போகிறது என்பது இதன் தத்துவம்.

இலைகளுள் கடுகுக்கீரையும் பரங்கிக்காயும் ஏற்றவை. நம் முருங்கை இலையும் மிக நல்லது. நூறு கிராம் இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பசலைக்கீரை வகைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாதலால், அது சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாது. அவற்றை எப்போதாவது கொடுக்கலாம். வயலிலிருந்து பிடித்து வந்த பூச்சி வேண்டவே வேண்டாம். பருத்திக்கு அடித்த மருந்து அதனோடு வரும். எல்லாவற்றினும் கொடியது மின்மினி. அதன் உடலில் உள்ள நஞ்சினால், ஒரே ஒரு மின்மினியைத் தின்ற தாடி ஓணான் சில மணி நேரத்தில் இறந்துபட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஓணானைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் குடலில் உள்ள சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் அதற்குத் தீங்கு செய்யாமல் இருந்து நமக்குத் தீங்கு செய்யும்.

குஞ்சு பொரிக்குமா என்றான் மாணவன். பொரிக்கும், ஆனால் அவசரப்படுதல் கூடாது. பெண் ஓணான் ஒன்றரை வயதாவது நிறைந்து, உடல் திரண்டிருக்க வேண்டும். இளம் பெண்ணை முட்டையிட விட்டால் அது தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பையே கொடுத்து முட்டையோடு கட்டி, தான் நலிந்து போகும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று திங்கள் விளக்கையும் சூட்டையும் குறைத்தால், ஓணான் உண்ணாமல் உறங்கிக் கிடக்கும். மீண்டும் சூடு கூடியதும் ஆணின் தாடி கருக்கும். அது தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டும். பெண் தன் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெல்லச் சுழற்றும். பணிகிறேன் என்பதற்கு அது குறி. கூடி நான்கு முதல் ஆறு வாரத்தில் பெண் ஈரமணலில் குழி தோண்டி இருபது முட்டை வரையில் இடும். சில வேளை அதற்கு மேலும் இடும்.

கோழி முட்டையைப் போல இம்முட்டையைத் திருப்புதல் ஆகாது. உள்ளே வளரும் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், திருப்பினால் அது இறக்கக்கூடும். எனவே, எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் ஒரு குறியிட்டு, அக்குறி மேலே இருக்குமாறே ஈரமான பொதிவில் புதைத்து வைப்பர். 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு திங்கள் முதல் இரண்டரைத் திங்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும். அவை முதல் ஓரிரு நாள் எதுவும் தின்னா; முட்டைக்கருவின் எச்சம் வயிற்றில் இருக்கும். நெருக்கி வைத்தால் ஒன்றன் விரலையும் வாலையும் மற்றொன்று கடித்துவிடும்.

இம்முட்டையின் வெப்பத்தைப் பற்றி உயிரியல் பயிலும் மாணவர்கள் அறியத்தக்க விந்தை ஒன்று உண்டு. இவ்வினத்தில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்களே முடிவு செய்கின்றன. பறவைகளைப் போலவே ஆணுக்கு ஒரே வகைக் குரோமோசோம் இரண்டும், பெண்ணுக்கு இரு வேறு வகையும் இருக்கும். ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்தால், ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சு பெண்ணாகவே பிறந்துவிடுகிறது. இதனை ஆஸ்திரேலியாவின் கான்பெரா பல்கலைக்கழகத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றிக் காட்டிலும் இவ்வாறு நிகழ்கிறது என்று 2015ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அங்ஙனம் மாறிய பெண்களும் முட்டையிட்டன. அவற்றின் குஞ்சுகள் ஆணாவதும் பெண்ணாவதும் முற்றிலும் வெப்பத்தின் கையில் சென்றுவிட்டது. உலகின் வெம்மை உயர்ந்துவரும் இந்நாளில், ஓர் இனம் குரோமோசோமைக் கைவிட்டு வெயிலிடம் தன் குலத்தை ஒப்படைப்பது எத்தகைய விளைவைத் தரும் என்பது சிந்தனைக்குரியது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். ஆஸ்திரேலிய அரசு தன் நாட்டு ஊர்வனவற்றை வாணிகத்திற்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய நெடுங்காலமாக விடுவதில்லை. பிற நாடுகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் கூண்டிலேயே பல தலைமுறை பிறந்தவற்றின் வழிவந்தவை. நம் நாட்டிற்கு அயல்நாட்டு உயிரினத்தைக் கொண்டுவர அரசின் உரிமம் வேண்டும். உரிமமின்றிப் பெட்டிகளில் அடைத்து வந்த ஆமைகளும் ஓணான்களும் பாம்புகளும் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. அவற்றுள் பல வரும் வழியிலேயே மாண்டுவிடுவன. உரிய ஆவணம் காட்ட இயலாதவரிடம் வாங்குவோர் அக்கடத்தலுக்குத் துணைபோவோரே ஆவர். ஆவணம் இருந்தாலும், பத்தாண்டுக் காலம் விளக்கும் தீனியும் மருத்துவரும் அளிக்க நம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கு வெளியூர் செல்லவிருக்கும் பிள்ளை, பெட்டியைத் தாயார் தலையில் கட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. அதற்குப் பதிலாக உடும்பையோ பச்சோந்தியையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வளர்க்கலாம் என்று யாரேனும் நினைத்தால், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது என்பதை அறிக. வளர்க்க வேண்டாம் என்பதே என் விடை.

மாணவன் முகம் வாடிற்று. அவனிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். மேலே கூறிய வெயிலும், நிழலும், புறஊதாக் கதிரும், ஈரமண்ணும் விலையின்றி வாய்த்த ஓணான் ஒன்று உங்கள் வீட்டு வேலியிலேயே இருக்கிறது. கேலோடிஸ் வெர்சிகலர் என்பது அதன் அறிவியற் பெயர். வெர்சிகலர் என்றால் நிறம் மாறுவது என்று பொருள். 1802ஆம் ஆண்டில் டோதன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர் அது. அதன் உறவினமான, தொண்டையில் விசிறி போன்ற தோலை விரித்து மடக்கும் சிறிய தரை ஓணான் ஒன்றுக்கு 2016ஆம் ஆண்டில் மருதம், நெய்தல் என்னும் நம் திணைப் பெயர்களையே இணைத்துப் பெயர் சூட்டினர். தென் தமிழ்நாட்டில் வாழ்வது அது.

ஆயினும் நம் ஊர்ப்புறங்களில் ஓணானுக்குக் கிடைப்பது கல்லடி. ஈர்க்கில் சுருக்கிட்டுப் பிடிப்பதும், மூக்குப்பொடியை வாயில் திணித்து அது சுழல்வதைக் கண்டு சிரிப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் விளையாட்டு. தாகத்தால் வாடிய இராமனுக்கு அணில் இளநீர் தந்ததாம், ஓணான் சிறுநீர் தந்ததாம். அதற்குத் தண்டனையாம் இது. எங்கள் சங்கரநாராயணர் கோயிலில் சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்களுக்குப் பெருமை உண்டு. புற்றுமண் பிரசாதமாக வழங்கப்படுகிறது. நாகத்திற்குக் கை குவிக்கும் ஊரில், ஒரு நஞ்சும் இல்லாத ஓணானைக் கல்லால் அடிப்பதன் நியாயம் எனக்கு விளங்கியதில்லை. வெட்டுக்கிளியையும் எறும்பையும் தின்று வாழும் அது யாருக்கும் தீங்கு செய்ததில்லை.

அதனைப் பிடிக்காமலே பார்க்கலாம். காலை எட்டு மணியளவில் வேலியோரம் பத்தடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். கருத்த முதுகோடு வெயில் காய்வதும், பின் வெளிறுவதும் தெரியும். கோடையில் ஆணின் தலையும் தொண்டையும் செந்நிறம் கொள்ளும். முன்னங்கால்களை ஊன்றி அது தண்டால் எடுப்பது, இவ்வேலி என்னுடையது என்று மற்ற ஆண்களுக்கு அறிவிப்பதற்காக. தலையுச்சியில் ஊசிமுனை போன்ற ஒரு புள்ளியும் உண்டு. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை உணரும் மூன்றாம் கண் அது. தாடி ஓணானுக்கும் இருக்கிறது. ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், வெப்பநிலை, ஓணானின் நிறம் என்று நான்கு பத்தி வரைந்து எழுதிவாருங்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்த பின், பெண் ஓணான் முன்னங்கால்களால் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, முகத்தால் தட்டி இறுக்கிவிட்டுச் செல்வதைக் காணும் பேறும் கிட்டக்கூடும். அவ்விடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், தோண்ட வேண்டாம். சூட்டிற்கும் ஈரத்திற்கும் ஏற்ப ஆறு வாரம் முதல் பத்து வாரத்திற்குள் அக்குச்சியருகே மண் சிறிது உடைந்து, விரலளவுக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியேறி வேலிக்கு ஓடும்.