ஹாரி பாட்டருக்குக் கிடைக்காத ஆஸ்கர்... முன்கதைக்குக் கிடைத்தது எப்படி?

எட்டு படங்கள் வந்தும் ஹாரி பாட்டருக்கு ஓர் ஆஸ்கர்கூடக் கிடைக்கவில்லை. அதன் முன்கதையாக 2016-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்', முதல் பாகத்திலேயே ஆடை வடிவமைப்புக்காக அதைத் தட்டிச் சென்றது!

ஹாரி படிக்கும் ஒரு பாடப்புத்தகத்தின் பெயர்தான் இது. அந்தப் பெயரிலேயே 2001-ல் தொண்டு நிதிக்காகச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார் ஜே.கே.ரௌலிங். பிறகு, படத்துக்குத் திரைக்கதையும் அவரே. அவர் எழுதிய முதல் திரைக்கதை இதுதான்.

1926, நியூயார்க். கூச்ச சுபாவம் கொண்ட நியூட்டின் (எடி ரெட்மெய்ன்) சூட்கேஸிலிருந்து மாய விலங்குகள் தப்பிவிடுகின்றன. பளபளப்பதையெல்லாம் வயிற்றுப் பைக்குள் திணிக்கும் நிஃப்ளரின் சேட்டைக்குச் சிரிக்காதவர் உண்டா? பேக்கரி வைக்க வங்கிக் கடன் கேட்டு வந்த ஜேக்கப்புக்கு மந்திரம் எதுவும் தெரியாது. நம்மைப் போலவே அவரும் வாய்பிளந்து பார்க்கிறார்.

வசூல் 81 கோடி டாலர். ஆனால், அடுத்த பாகங்களில் டம்பிள்டோர் - கிரிண்டல்வால்ட் பகை முன்னுக்கு வர, விலங்குகள் ஓரமாகிவிட்டன. 2022-ல் வந்த மூன்றாம் பாகத்தின் வசூல் ஏறக்குறைய பாதிதான். ஐந்து பாகங்கள் என்று அறிவிக்கப்பட்ட தொடர், மூன்றோடு நிற்கிறது.

குட்டீஸோடு உட்கார்ந்து பார்க்க முதல் பாகமே போதும். ஹாரி பாட்டர் பார்க்காதவர்களுக்கும் புரியும்!