பிறர் சூட்டும் நட்சத்திரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலோ ரேஸ் கோர்ஸ் சாலையிலோ உணவகம் தேடுவோர், பெயர்ப்பலகையைக் காணும் முன்பே கைப்பேசியில் அதன் நட்சத்திர மதிப்பீட்டைக் கண்டுவிடுகின்றனர். ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரமிட்டுத் தரத்தைக் குறிக்கும் இம்முறை கடைகளுக்கும் பண்டங்களுக்கும் ஏற்பட்டது. தோசை ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் எழுதுவதால் தோசைக்கு மானக்கேடு எதுவும் இல்லை. அதே மதிப்புரையில், பரிமாறியவரின் சட்டையில் குத்தியிருந்த பெயரும் சேர்ந்து பதிவாகும்போது, அளக்கப்படுவது உணவாக இல்லாமல் மனிதராகிவிடுகிறது. பிறந்த நட்சத்திரம் ஒன்றைச் சுமந்து திரிவது தமிழருக்குப் புதிதல்ல என்றாலும், அதை யாரும் நினைத்த நேரத்தில் மாற்றி எழுத முடிந்ததில்லை.

மனிதரை மட்டுமே மதிப்பிடும் செயலி என்ற எண்ணத்தை வெளிப்படையாக முன்வைத்தது கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜூலியா கோர்ட்ரேயும் அவருடைய தோழி நிக்கோல் மெக்கல்லாவும் 2015இல் அறிவித்த 'பீப்பிள்' ஆகும். அறிமுகமானவர் எவரையும் அவருடைய சம்மதம் இல்லாமலே பட்டியலில் சேர்த்து ஐந்து நட்சத்திர அளவில் மதிப்பிடலாம் என்பதும், சேர்க்கப்பட்டவர் விலகிக்கொள்ள வழியில்லை என்பதும் அதன் முதல் திட்டமாக இருந்தன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால், 2016 மார்ச்சில் அது வெளிவந்தபோது சம்மதம் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. சம்மதம் கேட்டால் மங்கிப்போகும் தொழில் என்பதே அதைப் பற்றிய போதுமான விமர்சனம்.

இத்தகைய அளவீட்டின் கணக்கு எளியது, ஆனால் நேர்மையற்றது. ஆயிரம் மதிப்பீடுகள் பெற்ற நிறுவனத்தின் சராசரியை ஒரு கோபக்காரரின் ஒற்றை நட்சத்திரம் அசைப்பதில்லை; பத்தே மதிப்பீடுகள் உள்ள தனிமனிதருக்கோ, ஒன்பது பேர் ஐந்து தந்திருந்தாலும் பத்தாமவர் ஒன்று தந்தவுடன் சராசரி 4.6ஆகக் குறைந்துவிடுகிறது. மதிப்பிடுவோரும் மதிப்பிடப்படுவோரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடும்போது பழிவாங்கல் புகுந்துவிடும் என்பதைப் பட்டறிந்த ஈபே நிறுவனம், வாங்குவோருக்கு விற்போர் எதிர்மறை மதிப்பீடு தரும் உரிமையை 2008இலேயே நீக்கிவிட்டது.

சிங்கப்பூரில் மனிதரைப் பொதுவில் எடைபோடும் பழக்கம் நட்சத்திரங்களுக்கு முன்பே வேறு வடிவில் வேரூன்றியிருந்தது. 2006இல் தொடங்கிய 'ஸ்டாம்ப்' தளத்தில் பொதுமக்களே படமெடுத்து அனுப்பினர். பெருவிரைவு ரயிலில் முன்னுரிமை இருக்கையில் கண்ணயர்ந்தவர்கள் அதன் நிலையான கதைமாந்தர் ஆயினர். 2012இல், கதவு திறந்தபடி ரயில் ஓடியதாக அதில் வெளியான படம் அத்தளத்தின் ஊழியர் ஒருவரே இட்ட பொய்ப் பதிவு எனத் தெரியவந்தது. தவறான ஆளைக் குற்றவாளியாக்கிய சம்பவம் 2017 ஏப்ரலில் நேர்ந்தது: தோ பாயோ உணவங்காடி நிலையத்தில் முதியவர் ஒருவரிடம் ஓர் இணை முரட்டுத்தனமாக நடந்துகொண்ட காணொளி பரவியதும், சம்பவத்தோடு தொடர்பே இல்லாத வங்கி ஊழியர் ஒருவர் மீது இணையம் பாய்ந்தது, அவர் அந்தப் பெண் அல்ல என்று வங்கியே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

ஒருவரின் பெயர், முகவரி, பணியிடம் போன்ற அடையாள விவரங்களைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் வெளியிடுவது 'டாக்ஸிங்' எனப்படும். 2014இல் இயற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் இச்செயல் குற்றமானது. அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். துன்புறுத்தல் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூனில் இயங்கத் தொடங்கியது. பொய்யான கூற்றை நீக்கவும் திருத்தவும் நீதிமன்றம் ஆணையிடலாம் என்றாலும், இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது: பொய் என்று நிறுவுவதற்கு முதலில் ஒரு கூற்று இருக்க வேண்டும். ஒற்றை நட்சத்திரம் எதையும் கூறுவதில்லை; ஆகவே அதை மறுக்கவும் முடிவதில்லை.

காரணம் கேட்கப்படாத இந்த மதிப்பெண்ணுக்குள் இனமும் உச்சரிப்பும் நிறமும் ஒளிந்துகொள்ள இடமுண்டு. இன அடிப்படையில் பாரபட்சம் காட்டும் முதலாளியைக் கட்டுப்படுத்தும் பணியிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது; ஆனால் வாடகைக் கார் ஓட்டுநரின் பேச்சு பிடிக்காமல் இரண்டு நட்சத்திரம் தரும் பயணியை எந்தச் சட்டமும் ஏனென்று கேட்பதில்லை. முதலாளி நேரடியாகச் செய்யக்கூடாததை வாடிக்கையாளரின் விரல் செய்து முடிக்க, நிறுவனம் சராசரியை மட்டும் பார்த்துக்கொள்ள முடிகிறது.

தற்காப்புக்காக மனிதரை மதிப்பிட விரும்புவோரும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெண்கள் தாம் பழகும் ஆண்களைப் பற்றித் தமக்குள் எச்சரித்துக்கொள்ள அமெரிக்காவில் உருவான 'டீ' செயலியின் தேவை உண்மையானது. ஆயினும் 2025 ஜூலையில் அதன் தரவுகள் கசிந்தபோது, உறுப்பினர் அளித்த சுயபடங்களும் அடையாள ஆவணங்களும் உள்ளிட்ட ஏறத்தாழ 72,000 படங்கள் வெளியேறின. காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் பாதுகாப்பு நாடி வந்த பெண்களே.

சிங்கப்பூரில் இவ்வளவீடு மிகக் கடுமையாக அழுத்துவது வீட்டுப் பணிப்பெண்கள் மீது எனலாம். 2018இல் இணையச் சந்தையான கேரொசெலில் இந்தோனேசியப் பணிப்பெண்கள் படத்துடன் பட்டியலிடப்பட்டு, சிலர் 'விற்றாயிற்று' எனக் குறிக்கப்பட்டிருந்தனர். அதற்குக் காரணமான முகவை 2019இல் 20,000 வெள்ளி அபராதம் பெற்றது. பொருள்போல் பட்டியலிடுவது குற்றமாயிற்று; முந்தைய முதலாளி ஒருவர் சமூக ஊடகக் குழுவில் ஒரு பணிப்பெண்ணின் குணத்தைப் பற்றி எழுதும் நாலு வரியோ, அடுத்த வீட்டின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடக்கூடியது.

லிட்டில் இந்தியாவின் உணவகங்களில் பரிமாறும் வெளிநாட்டு ஊழியர்களும் இதே நெருக்கடியில் உள்ளனர். அவர்களுடைய வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டுண்டது. அவ்வேலை போனால் இந்நாட்டில் தங்கும் உரிமையும் பெரும்பாலும் உடன் போகிறது. உள்ளூர்வாசிக்குச் சிறு மனவருத்தமாக முடியும் ஒரு மதிப்புரை, கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி வந்தவருக்கு ஊர் திரும்பும் பயணச்சீட்டாகலாம். அம்மதிப்புரை அவர் சரளமாகப் படிக்காத ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். கூகுள் வரைபடத்தில் உணவகத்தின் மதிப்புரைக்கு அதிகாரபூர்வமாகப் பதில் எழுதும் வசதி உணவகத்தின் கணக்குக்கு மட்டுமே உண்டு. பெயர் குறிப்பிடப்பட்ட ஊழியரிடம் அக்கணக்கின் கடவுச்சொல் இருப்பதில்லை.