வேகமும் சுருதியும்: இசைத்தட்டு இணைப்பின் கணக்கு

இரு பாடல்களை இடையறாது இணைத்து ஒலிக்கச் செய்வோரை டி.ஜே. என்கின்றனர். பொத்தானை அழுத்துவதில் கலை என்ன இருக்கிறது என்று வினவும் பெரியோர் பலர். இணைப்பு நிகழும் அச்சிறு பொழுதில் இரு பாடல்களும் ஒருங்கே ஒலிக்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தாளம் பிசகினால் ஆடுவோர் கால் தடுமாறும். சுருதி பிசகினால் காது கூசும். ஒன்றைத் திருத்தப் புகுந்தால் மற்றொன்று கெடும் என்பதே இத்தொழிலின் இடர்.

முதலில் தாளத்தைக் காண்போம். ஒரு பாடலில் நிமிடத்திற்கு 126 தட்டு, மற்றதில் 125½ தட்டு எனக் கொள்வோம். அரைத் தட்டுதானே என்று விட்டால், ஒரு நிமிடத்தில் ஒன்றன் தட்டு மற்றதன் இரு தட்டுகளுக்கு நடுவே விழும். குதிரைக் குளம்படி போல ஒலி சிதறும். நியூயார்க்கின் சாங்சுவரி ஆடலரங்கில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரான்சிஸ் கிராசோ என்பார் தட்டுக்குத் தட்டுப் பொருத்தி இணைத்துப் புகழ் பெற்றார். அக்காலத்து இசைத்தட்டுகளில் முரசு முழக்கியோர் மனிதர். ஒரே பாடலிலும் வேகம் சற்று ஏறி இறங்கும். ஆகவே அவர் பணி இன்றையதினும் கடினம். 1980-இல் ரோலண்ட் டிஆர்-808, 1983-இல் டிஆர்-909 எனத் தாளப்பொறிகள் வந்தபின் ஆடலிசையில் வேகம் நிலைபெற்றது.

வேகத்தை மாற்றுதற்குக் கருவியும் வேண்டுமன்றோ? 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேடையில், வேகத்தை 8 விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ ஒரு நழுவுகோல் உண்டு. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தட்டு விரைந்து சுழன்றால் தாளம் மட்டுமன்று, சுருதியும் ஏறும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினால் அரைச்சுரம் உயரும். 120 தட்டுப் பாடலை 126-க்கு உயர்த்துவது 5 விழுக்காடு. சுருதி அரைச்சுரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேலே ஏறி, எச்சுருதியிலும் சேராது நடுவே நிற்கும். நம் பிள்ளைகளுக்கு விகிதம் கற்பிக்க இதனினும் சுவையான கணக்கு கிடைப்பது அரிது.

எச்சுருதி எதனோடு இணங்கும் என்பதற்கு மார்க் டேவிஸ் என்பார் அமைத்த கேமலாட் சக்கரம் பெரிதும் வழங்குகிறது. கடிகார முகம் போல் 1 முதல் 12 வரை எண்கள். மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. ஏ மைனர் 8ஏ. அதன் ஏழு சுரங்களையே கொண்ட சி மேஜர் 8பி. அடுத்த எண்ணுக்குச் சென்றால் சுருதி ஐந்தாம் சுரத்திற்குப் பெயரும். ஏழில் ஆறு சுரங்கள் பொதுவாக நிற்கும். ஆதலின் அண்டை எண்கள் இணங்கும். குரலிலிருந்து இளிக்குச் செல்லும் முறையையும், பன்னிரு வீடு கொண்ட வட்டப்பாலையையும் பயின்ற தமிழாசிரியர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஒப்புமைதான்; அதிலிருந்து இது வந்தது என்று நாம் வாதிட வேண்டுவதில்லை.

இனி அச்சக்கரத்தில் வேகத்தின் விளைவைப் பாருங்கள். 8ஏ பாடலை 6 விழுக்காடு விரைவுபடுத்தினால் அது பி பிளாட் மைனர், அதாவது 3ஏ ஆகிவிடும். ஏ மைனருக்கும் அதற்கும் ஏழில் இரண்டே சுரங்கள் பொது. உறையில் ஒரே எண் எழுதிய இரு பாடல்கள், வேகம் பொருத்தியவுடன் பகைவராகி விடுகின்றன!

இன்றைய கணினிப் பொறிகள் ஒலியைச் சிறு துண்டுகளாக்கி நெருக்கியோ பரப்பியோ, சுருதி மாறாமல் வேகத்தை மாற்றித் தருகின்றன. சிறு மாற்றத்திற்கு இது நன்று. மிகையானால் முரசின் கூர்மை மழுங்கும், பாடுவோர் குரல் நடுங்கும். மேலும், சுருதியைக் கண்டுரைக்கும் மென்பொருள் மேஜரை மைனரென மயங்குவதும் உண்டு. எண்ணை மட்டும் நம்புவோர் அரங்கில் அகப்பட்டுக் கொள்வர்.

தேர்ந்தோர் செய்வது வேறு. ஒரு பாடல் ஒலிக்கையில் மற்றதைக் காதணியில் கேட்டு, அதன் ஆதார சுரத்தை வாய்க்குள் முனகிப் பார்க்கின்றனர். ஒட்டாவிடில், முரசு மட்டும் ஒலிக்கும் பகுதிவரை காத்திருக்கின்றனர். ஆடலரங்கிற்கென ஆக்கப்படும் பாடல்கள் பல முரசொலியோடு தொடங்கி முரசொலியோடு முடிவது இதன் பொருட்டே. அவ்விடத்தில் மோதுவதற்குச் சுரம் இல்லை.