அடுப்பேறிய பின்னரே அமுதாகும் பழம்

ஐரோப்பாவின் வேலியோரங்களில் தானாக முளைத்து, கோடையின் துவக்கத்தில் பால்வண்ண மலர்க்கொத்துகளைக் குடைபோல் விரித்து, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கருநீலச் சிறுபழங்களின் பாரத்தால் கிளை தாழ்ந்து நிற்கும் எல்டர் மரத்தில், ஒரு தாய் வாசம் செய்கிறாள் என்று நம்பிய டென்மார்க்கின் கிராம மக்கள், அவளுடைய அனுமதியைப் பெறாமல் அதன் மேல் கோடரி வைக்க அஞ்சினார்கள். ஜலதோஷமும் ஜுரமும் கண்டபோது அவர்கள் நாடிய ஔஷதங்களுள் அம்மரத்தின் மலரும் பழமும் இருந்தன.

நூறு கிராம் எல்டர்பெர்ரியில் ஏறக்குறைய 7 கிராம் நார்ச்சத்தும், 36 மில்லிகிராம் வைட்டமின் சி-யும், 280 மில்லிகிராம் பொட்டாசியமும், 1.6 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. கிடைக்கும் சக்தியோ 73 கலோரியே. அதன் கருமைக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி, பிராணவாயுவின் சேர்க்கையால் விளையும் சேதத்தைத் தடுக்க வல்லதென்று ரசாயனக் கூடங்களில் காணப்பட்டிருக்கிறது. அந்நிறம் எத்துணை அடர்த்தியானதென்றால், 18-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் தேசத்து வியாபாரிகள் அதைக் கலந்து மட்டமான திராட்சை மதுவுக்கு மெருகேற்ற, அந்நாட்டு மந்திரி பொம்பால், டூரோ பள்ளத்தாக்கின் எல்டர் மரங்களையே வேரோடு பிடுங்க உத்தரவிட நேர்ந்தது.

ஆயினும், இலையிலும் தண்டிலும் காயிலும் விதையிலும், நம் மரவள்ளிக்கிழங்கில் இருப்பது போலவே, சயனைடை விடுவிக்கும் ஒரு பொருள் மறைந்திருப்பதால், இப்பழத்தைப் பச்சையாக உண்பது தகாது. 1983-இல் கலிஃபோர்னியாவில், இலையும் கிளையும் சேர்த்து நசுக்கிய பச்சைச் சாற்றைப் பருகிய எட்டுப் பேர், வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நன்கு கொதித்தால் அவ்விஷம் நீங்கும். வைட்டமின் சி-யிலும் ஒரு பகுதி நீங்கும் என்பதையும், வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும் என்பதையும், புட்டியில் அடைத்த சாற்றை வாங்குவோர் அறிதல் நலம்.

மருந்து என்ற வகையில் அதன் கீர்த்தி இன்னும் நிலைபெறவில்லை. நார்வேயில் 60 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2004-இல் வெளிவந்த பரீக்ஷையில், இச்சாற்றை அருந்தியோர்க்கு இன்ஃபுளுவென்சாவின் உபாதைகள் சராசரியாக நான்கு நாள் முன்னதாகத் தணிந்தன; 2020-இல் வெளியான, 87 பேரைக் கொண்ட அமெரிக்கப் பரீக்ஷையிலோ அத்தகைய பயன் ஏதும் புலப்படவில்லை.

ஆகையால், பழுத்ததைத் தேர்ந்து, காம்பும் இலையும் களைந்து, கொதிக்கவைத்து, ஆகாரமாக அதை ஆனந்தத்துடன் உண்ணுங்கள். ஜுரம் வந்தாலோ வைத்தியரை நாடுங்கள்.