ஆசிரியரை அளக்கும் பணித்தொகுப்பு

பி.எட்.டுக்கு அடுத்த முதுநிலைப் படிப்பு எம்.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி இது 2 ஆண்டுப் படிப்பு. மாணவர் சேர்க்கையில் தகுதித் தேர்வு மதிப்பெண், நுழைவுத் தேர்வு ஆகியவற்றோடு மாநில அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கும் பிற தேர்வுமுறைக்கும் அவ்விதிகள் இடம் தருகின்றன. பணித்தொகுப்பு நுழையக்கூடிய வாசல் இதுவே.

பணித்தொகுப்பு என்பது ஆசிரியர் தம் வகுப்பறை வேலையைச் சான்றுகளோடு திரட்டித் தருவது. பாடக்குறிப்பு, கற்பித்தல் காணொளி, திருத்திய விடைத்தாள், தன்மதிப்பீடு ஆகியவை அதில் இருக்கும். மறைமலை நகர்ப் பள்ளி ஒன்றில் ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவதாகக் கொள்வோம். அந்தப் பிழை ஏன் நேர்ந்தது, காகிதத்தை மடித்துக் காட்டி மறுநாள் எப்படிப் புரியவைக்கப்பட்டது என்று ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம், சரியான விடையைக் குறிக்கச் சொல்லும் தேர்வு காட்டாத திறனைக் காட்டும்.

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய தேசியக் கற்பித்தல் தர வாரியம் அனுபவமிக்க ஆசிரியர்களுக்குச் சான்றளிக்க இம்முறையைக் கையாள்கிறது.

குறைகளும் உண்டு. திருத்த நேரம் பிடிக்கும். மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறலாம். பிறர் எழுதித் தரவும் கூடும். தெளிவான மதிப்பீட்டு அளவுகோல், இருவர் தனித்தனியே திருத்துதல், நேர்காணல் ஆகியவை இவற்றைக் குறைக்கும். பி.எட். மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் எழுதும் பதிவேடுகளே இதற்கு நல்ல தொடக்கம்.