உவர்க்காற்றில் ஒரு வன்வட்டு

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியே வாங்கி வழங்கப்பட்ட அப்பொறிகள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம் வட்டார மாணவர் கைகளுக்கும் வந்து சேர்ந்தன; அந்நாளில் இவ்வூர்களெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. படித்த பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பொறிகளில் சில இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டுத் திருமணப் படங்களும், சிற்பக்கூடத்துச் சிலைகளின் அளவு வரைபடங்களும், கடையின் பற்றுவரவுக் கணக்கும் அத்தகைய பழைய மடிக்கணினிகளுக்குள்தான் கிடக்கின்றன. முதுமையில் மின்கலம் முதலில் ஓய்கிறது. அது போனால் பணம் மட்டும் நட்டம். அடுத்துத் தளர்வது வன்வட்டு. அது போனால் உள்ளே இருந்தவை அனைத்தும் போகும்.

தளர்ச்சியின் முதற்குறி மந்தம். கடைக்குக் கொண்டுபோனால் "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பார்கள். அழித்தெழுதுவதற்கு முன் அம்மந்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. இவ்வகை வன்வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. தட்டின் காந்தப் பூச்சில் ஒரு கூறு சிதைந்திருந்தால், அதைப் படிக்க வந்த முனை ஒருமுறை தோற்றவுடன் கைவிடுவதில்லை. அக்கூறு மீண்டும் தன் கீழே வரும்வரை காத்திருந்து அடுத்த சுற்றில் முயல்கிறது, அதற்கடுத்த சுற்றிலும் முயல்கிறது. நூறு முயற்சிக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அதுவரை திரையில் எல்லாம் உறைந்து நிற்கும். முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர். தலைமயிரின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் முனை மீண்டும் மீண்டும் பறப்பதால், பழுதுற்ற வட்டைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எஞ்சிய வாழ்நாளில் ஒரு பங்கு செலவாகிறது.

கடற்கரையில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. காற்றிலுள்ள ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது சோற்றுப்பு தானே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். மாமல்லபுரத்தில் விடியற்காலைக் காற்று அவ்வெல்லையைத் தாண்டுவது அரிதன்று. பகலில் அக்கரைசல் காய்கிறது, இரவில் மீண்டும் இளகுகிறது. ராசசிம்ம பல்லவன் எடுத்த கடற்கரைக் கோயிலின் கருங்கல்லுக்குள் புகுந்த உப்பை வெளியேற்றத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நனைத்துக் கல்மேல் அப்பி, உலரவிட்டு, உறிஞ்சிய உப்போடு உரித்தெடுக்கின்றனர். பதின்மூன்று நூற்றாண்டுப் பாறையையே அரிக்கும் உவர்ப்பு, செம்பையும் ஈயத்தையும் எளிதில் விடுமா? கழிமுகச் சேற்றிலிருந்து எழும் கந்தக வளி வெள்ளிப் பூச்சைக் கறுப்பாக்கும். இவற்றோடு சிற்பக்கூடத்துக் கல்தூள் விசிறியை அடைக்கிறது. வன்வட்டின் மூச்சுத்துளையிலுள்ள வடிகட்டி தூளைத் தடுக்கும். ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது.

ஆகவே இக்கரையில் வட்டு பழுதென்று தீர்ப்பெழுதுமுன் அதன் தொடுப்புகளை விசாரிக்க வேண்டும். மடிக்கணினியை அணைத்து, மின்கலத்தையும் கழற்றி, வன்வட்டை உறையிலிருந்து இழுத்துப் பார்த்தால் அதன் தங்க நிறப் பற்கள் பொலிவிழந்து தெரியலாம். கை பழகியவர் இன்னும் ஒரு படி போவார். வட்டின் அடிப்புறத்து மின்சுற்றுப் பலகையை விண்மீன் வடிவத் தலைகொண்ட சிறு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றிப் பலகையைத் தூக்கினால், உள்ளிருக்கும் முனைகளோடு பலகையை இணைக்கும் சிறு சதுரத் திட்டுகள் வரிசையாக இருக்கும். பளபளக்க வேண்டிய அவை இங்கே பல வேளைகளில் காவியேறியும் கறுத்தும் கிடக்கும். பள்ளிப் பிள்ளையின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்டுத் துடைத்து மாட்டினால் சில வட்டுகள் எழுந்துவிடும். மேல்மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

குற்றம் தொடுப்பிலா தட்டிலா என்பதைப் பிரித்தறிய வட்டே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் அத்தன்னாய்வுப் பதிவைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் 199 ஆம் வரி, வட்டுக்கும் கணினிக்கும் இடைப்பட்ட வழியில் சிதைந்த செய்திகளின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போய், தொடுப்பைத் துடைத்தபின் நின்றுவிட்டால், அந்தத் தொல்லையில் தட்டுக்குப் பங்கில்லை. 5 ஆம் வரி, கைவிட்டு மாற்றிடம் தரப்பட்ட கூறுகள். 197 ஆம் வரி, படிக்க இயலாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இவ்விரண்டும் ஏறுமானால் நோய் தட்டில்தான். 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து எழுதிய கட்டுரையின்படி, வட்டைத் துருவிப் பார்க்கும் சோதனையில் முதல் பிழை தென்பட்ட வட்டு அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைக் காட்டிலும் 39 மடங்கு. ஆயினும் செத்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. பதிவேடு தூயது என்பதற்காக நிம்மதி கொள்வதற்கில்லை.

நோய் தட்டில் என்று தெரிந்தபின் மருத்துவம் பார்ப்பது வீண், படியெடுப்பதே வேலை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். விண்டோசின் 'செக்டிஸ்க்' கட்டளை கோப்பு அடுக்கைச் சீராக்குவது, தட்டைச் சீராக்குவதன்று. சாகும் வட்டில் அதனை '/r' தெரிவோடு ஓட்டினால் எல்லாக் கூறுகளையும் துருவிப் படித்து, ஐயத்துக்குரியவற்றைத் திருத்தி எழுதி, மீட்கத்தக்கதையும் சிதைக்கக்கூடும். வட்டிலுள்ள விண்டோசைத் துவக்காமல், லினக்சு ஏற்றிய பென்டிரைவிலிருந்து மடிக்கணினியைத் துவக்கி, 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவியால் கொள்ளளவு மிகுந்த வேறொரு வட்டுக்கு முழுப்படி எடுப்பதே முறை. எளிதில் படிபடும் இடங்களையெல்லாம் அது முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துத் தாண்டிப் போகும். பின்பே அவற்றிடம் திரும்பும். இடையில் மின்சாரம் போனால் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன்பின் ஆராய்ச்சி எதுவானாலும் படியின்மேல் நடத்தலாம்.

மின்சாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மின்கலம் செத்த மடிக்கணினி சுவர் மின்சாரத்தையே நம்பி ஓடுகிறது; ஒவ்வொரு மின்வெட்டும் அதற்குத் திடீர் நிறுத்தம். அந்நொடியில் சுழலும் வட்டின் இயக்கியே மின்னாக்கியாக மாறி, அம்மின்னாற்றலால் முனையை மேடையேற்றி ஒதுக்கும். வியக்கத்தக்க ஏற்பாடுதான், ஆனால் முறையாக அணைக்கும்போது நேர்வதைவிட முரட்டுத்தனமானது. புயல் வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வட்டாரத்து வட்டுகள் பட்ட பாடு கொஞ்சமன்று.

'டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் ஒலி கேட்டால், முனை தன் தடத்தைக் காணாமல் தவிக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்பது பழங்கதை; நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்தவுடன் தட்டின்மேல் நீர் கோக்கும். சென்னை ரிச்சி தெருவில் அதே வகை வட்டு வாங்கிப் பலகையை மாற்றும் உத்தியும் இன்று செல்லாது. ஒவ்வொரு வட்டுக்கும் உரிய அளவுத்திருத்தக் குறிப்புகள் அதன் பலகையில் உள்ள சில்லிலேயே பதிந்திருப்பதால், அச்சில்லையும் பெயர்த்து ஒட்ட வேண்டும். பணத்துக்கும் மேலான கோப்பு என்றால், தூசற்ற அறை வைத்திருக்கும் மீட்பகத்துக்கு அனுப்பலாம். செலவு புதுக் கணினியின் விலையையும் தாண்டக்கூடும்.

படியெடுத்து முடித்த மடிக்கணினியில் அதே இடத்தில் திடநிலை வட்டு பொருந்தும். சுழலும் தட்டு இல்லாததால் பத்துப் பதினைந்து மில்லிநொடித் தேடல் ஒரு மில்லிநொடியின் பத்திலொரு பங்குக்குச் சுருங்கி, பழைய பொறி இளமை பெற்றதுபோல் ஓடும். ஆனால் அது மின்னூட்டத்தைச் சிறைபிடித்துச் செய்தி காப்பது. வெப்பம் ஏற ஏற அம்மின்னூட்டம் கசியும். எழுதுதிறன் தீர்ந்த வட்டு மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைக் காக்க வேண்டும் என்பதே வீட்டுப் பயன்பாட்டு வட்டுகளுக்குத் தர அமைப்பு வகுத்த அளவு. செங்கல்பட்டுக் கத்திரி வெயிலில் பூட்டிய அலமாரிக்குள் 30 பாகை நிற்பதில்லை. குடும்பப் படங்களைத் திடநிலை வட்டில் இட்டு அலமாரியில் வைப்பவர் சில மாதத்துக்கொருமுறை அதனை மின்னிணைப்பில் மாட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்; இன்னொரு படியைச் சுழல்வட்டில் எடுத்து, உப்புக்காற்று எட்டாத உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நன்று.